உழவர்களின் இரகசியப் படை
நிழல் யுத்தங்கள் – 9

பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து நேச நாடுகளின் 3,38,226 வீரர்கள் கப்பலேறித் தப்பியதோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். ஆட்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பீரங்கிகளும் டாங்கிகளும் லாரிகளும் பிரான்சின் சாலையோரங்களிலேயே கிடந்துவிட்டன. 1940 ஜூன் 22 அன்று பிரான்ஸ் பணிந்தது. ஜூலை 16 அன்று ஹிட்லர் தமது 16-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். இங்கிலாந்தில் படையிறக்க ஆயத்தம் செய்யச் சொன்ன ஆணை அது. அந்தத் திட்டத்துக்கு ‘கடல் சிங்கம்’ என்று பெயர் வைத்தார்கள்.

கென்ட் மாவட்டத்தின் டோவர் வெண்பாறைகள் மேல் ஏறி நின்றால், வானம் தெளிந்த நாளில் பிரெஞ்சுக் கரை கண்ணுக்குத் தெரியும். இடையில் இருப்பது சுமார் 33 கிலோமீட்டர் கடல்தான். அதைத் தாண்டி எதிரி வந்துவிட்டால் என்ன செய்வது? பிரிட்டனின் தளபதிகள் அந்தக் கோடையில் பல விடைகளைத் தேடினார்கள். அவற்றில் மிகவும் மறைவாக வைக்கப்பட்டது ஒன்று. அதைச் செய்து முடிக்க முன்வந்தவர்களில் பெரும்பாலோர் சீருடை அணிந்த வீரர்கள் அல்லர். மாடு கறந்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், பழத்தோட்டம் வைத்திருந்தவர்கள், காட்டில் முயல் பிடித்துப் பழகியவர்கள். அவர்களுடைய கதையை உரிய மரியாதையோடு சொல்லவேண்டும் என்பதால் இந்த அத்தியாயம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

படை பின்வாங்கும், நிலம் பின்வாங்காது

அப்போது உள்நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி எட்மண்ட் அயர்ன்சைட். அவர் கையில் இருந்ததைக் கொண்டு வகுத்த திட்டம் இது: கடற்கரையில் இருக்கும் மெல்லிய காவல் எதிரியை முடிந்தவரை தாமதப்படுத்தும். உள்நாட்டில் லண்டனையும் தொழில் நகரங்களையும் காக்க, கான்கிரீட் காவல் அரண்களும் டாங்கி தடுப்புப் பள்ளங்களும் கொண்ட ஒரு நீண்ட கோடு இருக்கும். படை அந்தக் கோட்டுக்குப் பின்வாங்கி நின்று போரிடும்.

இந்தத் திட்டத்தில் சொல்லாமல் சொல்லப்பட்ட செய்தி ஒன்று உண்டு. கரைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஊர்கள் சில நாட்களுக்காவது, ஒருவேளை சில வாரங்களுக்கு, ஜெர்மானியர் கையில் இருக்கும். கென்ட்டின் பழத்தோட்டங்களும் சசெக்ஸின் மேய்ச்சல் குன்றுகளும் நார்ஃபோக்கின் சதுப்பு வயல்களும் எதிரியின் பின்புலம் ஆகிவிடும்.

கடல் கடந்து வரும் படைக்கு ஒரு பலவீனம் உண்டு. அதற்கு வேண்டிய ஒவ்வொரு பீப்பாய் பெட்ரோலும் ஒவ்வொரு குண்டும் கப்பலில் வந்து இறங்கி, கரையில் குவிந்து, குறுகிய நாட்டுப்புறச் சாலைகள் வழியாக முன்னணிக்குப் போகவேண்டும். அந்தக் குவியலை எரித்துவிட்டால், அந்தச் சாலையை ஓர் இரவு அடைத்துவிட்டால், முன்னணியில் நிற்கும் டாங்கி வெறும் இரும்புதான். முன்னால் நிற்கும் படையால் அதைச் செய்ய முடியாது. எதிரியின் முதுகுக்குப் பின்னால், அவனுக்குத் தெரியாமல், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களால்தான் முடியும்.

அப்படி யார் இருக்க முடியும்? அந்த மண்ணை இருட்டிலும் அறிந்தவர்கள்.

அயர்லாந்தில் கற்றது

இந்தப் பொறுப்பு கர்னல் கொலின் கபின்ஸ் என்பவரிடம் தரப்பட்டது. 1896-இல் டோக்கியோவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்டவர். பின்பு வட ரஷ்யாவிலும், 1919–21 விடுதலைப் போர் நடந்த அயர்லாந்திலும், இந்தியாவிலும் பணி செய்தவர். 1940 வசந்தத்தில் நார்வேயில் ‘இண்டிபெண்டன்ட் கம்பெனி’ என்ற சிறு அதிரடிப் பிரிவுகளை நடத்திவிட்டுத் திரும்பியிருந்தார்.

அயர்லாந்து அவருடைய சிந்தனையை மாற்றிய இடம். அங்கே அவர் பேரரசின் அதிகாரி. எதிரே இருந்தவர்கள் பண்ணை வீட்டு இளைஞர்கள். சிறு சிறு குழுக்களாகத் திரிந்து, அடித்துவிட்டு மறைந்து, மறுநாள் வயலில் வேலை செய்தார்கள். ஊர் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெரும் படையொன்றை அவர்களால் நிம்மதியிழக்கச் செய்ய முடிந்தது. அந்தப் பாடத்தையும், போயர் போரையும், அரபு நாடுகளில் டி. இ. லாரன்ஸ் நடத்திய தாக்குதல்களையும் படித்துத்தான் 1939-இல் கபின்ஸ் கெரில்லாப் போர் பற்றிய சிறு கையேடுகளை எழுதினார். பிரிட்டிஷ் படையில் அப்போது இத்தகைய போரைப் பற்றி முறையான நூல் எதுவும் இல்லை.

இதை இங்கே அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. வேறு நாட்டு உழவன் தன் மண்ணுக்காக இப்படிப் போராடியபோது பேரரசு அவனைக் கொலைகாரன் என்றது. தன் மண்ணுக்கு ஆபத்து வந்தபோது அதே பேரரசு தன் உழவனிடம் போய், நீயும் அப்படிப் போராடு என்று கேட்டது. தன் நிலத்தைக் காக்க நிற்பவனின் நியாயம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கபின்ஸின் அமைப்புக்கு ‘ஆக்ஸிலியரி யூனிட்ஸ்’, அதாவது துணைப் பிரிவுகள், என்று பெயர். வெளியே யாராவது கேள்விப்பட்டாலும் சந்தேகம் எழக்கூடாது என்பதற்காகவே இப்படி ஒரு சாதாரணப் பெயர். கடற்கரை மாவட்டங்களுக்கு ஒவ்வோர் அதிகாரியை அவர் அனுப்பினார். கென்ட்டுக்குப் போனவர் பீட்டர் ஃப்ளெமிங். பிரேசில் காடுகளிலும் மத்திய ஆசியாவிலும் சுற்றிப் பயண நூல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங்கின் அண்ணன். எசெக்ஸ், சஃபோக் மாவட்டங்களுக்குப் போனவர் ஆண்ட்ரூ க்ரோஃப்ட், கிரீன்லாந்துப் பனியில் பயணம் செய்தவர். அவருடைய தந்தை கெல்வெடன் ஊரின் பாதிரியார். அந்தப் பாதிரியார் இல்லமே மகனுக்குத் தலைமையிடம் ஆனது. வெடிமருந்தும் அங்கேதான் இருந்தது.

ஆள் சேர்த்த விதம்

1940 மே 14 அன்று ஆண்டனி ஈடன் வானொலியில் விடுத்த அழைப்பை ஏற்று லட்சக்கணக்கானோர் உள்ளூர்க் காவல் படையில் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜூலையில் அதற்கு ‘ஹோம் கார்ட்’ என்று பெயர் மாறியது. கபின்ஸின் ஆட்கள் அந்தக் கூட்டத்துக்குள் சலித்தெடுத்தார்கள்.

மாவட்டத்துக்கு வந்த அதிகாரி முதலில் ஒரே ஒருவரைத் தேடினார். வயலும் காடும் அறிந்தவர், வாய் காப்பவர், ஊரில் மதிப்புள்ளவர். பெரும்பாலும் ஒரு விவசாயி. அவரிடம் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்து, ஹோம் கார்டைவிட ஆபத்தான வேலை ஒன்று இருக்கிறது, செய்வீர்களா என்று கேட்டார். சம்மதித்தால் அரசாங்க இரகசியச் சட்டத்தின் கீழ் கையெழுத்து. அதன் பிறகு, உங்களோடு வேறு யாரைச் சேர்க்கலாம் என்று அவரிடமே கேட்பார்கள். சேர்ந்தவர்கள் அவருடைய மைத்துனராகவோ, பக்கத்துப் பண்ணைக்காரராகவோ, சேர்ந்து முயல் வேட்டையாடிய தோழராகவோ இருந்தார்கள். பெயர்கள் சத்தமில்லாமல் போலீஸ் பதிவேட்டில் சரிபார்க்கப்பட்டன.

ஒரு குழுவில் நான்கு முதல் எட்டுப் பேர். தலைவருக்கு சார்ஜென்ட் தகுதி. வேட்டைக்காடுகளைக் காவல் காத்தவரும் அதே காட்டில் திருட்டு வேட்டையாடியவரும் ஒரே குழுவில் தோளோடு தோள் நின்ற இடங்கள் உண்டு. கார்ன்வாலில் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்தார்கள். நிலத்தடியில் வேலை செய்து பழகிய அவர்கள் கைக்குப் பதுங்கிடம் தோண்டுவது எளிதாக வந்தது.

விவசாயிகளைத் தேடியதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. நாட்டுக்கு உணவு வேண்டும் என்பதால் உழவுத் தொழில் செய்தவர்களுக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து விலக்கு இருந்தது. ஆகவே வலுவான இளைஞர்கள் ஊரிலேயே இருந்தார்கள். துப்பாக்கி அவர்களுக்குப் பழக்கமான பொருள். வெட்டிய மரங்களின் அடித்தூர்களைப் பெயர்க்க வெடி வைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆடு ஈனும் காலத்தில் நள்ளிரவில் லாந்தரோடு வயலில் நடந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எந்த உயிர்வேலியில் ஆள் நுழையும் சந்து இருக்கிறது, எந்த ஓடை கோடையில் வற்றும், எந்தப் பண்ணை நாய் குரைக்கும், நிலா இல்லாத இரவில் ஒரு கதவைச் சத்தமில்லாமல் எப்படித் திறப்பது என்பதெல்லாம் அவர்கள் பிறந்ததிலிருந்து கற்றவை. படைப் பயிற்சிக் கூடத்தில் ஒருவருக்கு இதை இரண்டு வாரத்தில் புகட்டிவிட முடியாது.

சம்பளம் கிடையாது. பகலில் பண்ணை வேலை, இரவிலும் வார இறுதியிலும் பயிற்சி. போர்க்கால வேளாண் குழுக்கள் புல்வெளிகளை உழுது தானியம் போடச் சொல்லி நெருக்கிய காலம் அது. நாள் முழுக்க உழுதுவிட்டு வந்த உடம்போடுதான் அவர்கள் இரவில் வயிற்றால் ஊர்ந்து பழகினார்கள்.

தபால் நிலையத்தின் வழியாக

பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்த இடம் கோல்ஸ்ஹில் மாளிகை. வில்ட்ஷயரின் ஹைவொர்த் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், 17-ஆம் நூற்றாண்டில் ராஜர் பிராட் என்ற கட்டடக்கலைஞர் எழுப்பிய அழகான வீடு. பயிற்சிக்கு வருபவரிடம் அந்த மாளிகையின் முகவரியைக் கொடுப்பதில்லை. ஹைவொர்த் தபால் நிலையத்துக்குப் போங்கள் என்று மட்டும் சொல்வார்கள்.

அங்கே இருந்தவர் தபால் அதிகாரி மேபல் ஸ்ட்ராங்க்ஸ் அம்மையார். வந்தவரின் அடையாளத்தை நிதானமாகச் சரிபார்ப்பார். உள்ளே போய்த் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்வார். வெளியே வந்து காத்திருக்கச் சொல்வார். சற்று நேரத்தில் ஒரு வண்டி வரும். படைத் தளபதிகளானாலும் அவரைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. தபால்தலை விற்றுக்கொண்டே இந்தக் காவலையும் செய்த அந்த அம்மையாரை இன்று ஹைவொர்த் ஊர் பெருமையோடு நினைவுகூர்கிறது.

வெள்ளி மாலை வந்தவர்கள் ஞாயிறு மாலை ஊர் திரும்பவேண்டும், ஏனெனில் திங்கள் காலை மாடு கறக்கவேண்டும். அந்த இரண்டு நாட்களில் வெடிமருந்தைக் கையாள்வது, இருட்டில் ஓசையின்றி நகர்வது, காவலனைக் கத்தியால் வீழ்த்துவது, வெறுங்கையால் சண்டையிடுவது ஆகியவற்றைக் கற்றார்கள். வெடிக்கும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்க உதவும், பென்சில் அளவே உள்ள நேரத்திரி அவர்களிடம் தரப்பட்டது. அப்போது மிகவும் புதிதான பிளாஸ்டிக் வெடிமருந்து, வழக்கமான படைப்பிரிவுகள் பலவற்றுக்கும் முன்பே இந்த உழவர்களின் கைக்கு வந்தது. கைத்துப்பாக்கிகள், தாம்ஸன் துப்பாக்கிகள், ஃபேர்பேர்ன்–சைக்ஸ் கத்திகள், தொலைநோக்கியும் ஒலியடக்கியும் பொருத்திய .22 ரைஃபிள்கள் எல்லாம் கிடைத்தன. நாடே ஆயுதப் பஞ்சத்தில் தவித்த நேரத்தில் அரசு இவர்களுக்கு முன்னுரிமை தந்தது. இவர்களை எவ்வளவு தீவிரமாக நம்பியது என்பதற்கு இதுவே சான்று.

கற்றதை நினைவில் வைக்க ஒரு கையேடும் தந்தார்கள். உர வியாபாரிகள் வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தரும் 1939-ஆம் ஆண்டு டைரியைப் போல அதன் அட்டை இருந்தது. சமையலறை அலமாரியில் கிடந்தாலும் யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். உள்ளே முழுவதும் வெடிவைக்கும் முறைகள்.

ஊருக்குத் திரும்பியபின் பயிற்சி நிற்கவில்லை. பக்கத்தில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படைகள் மீதே இரவில் பழகிப் பார்த்தார்கள். காவலைத் தாண்டி விமான தளத்துக்குள் நுழைந்து, விமானங்களில் போலி வெடிகளை வைத்துவிட்டு விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் இருந்த பெரிய மாளிகைகளை உள்ளும் புறமும் மனப்பாடம் செய்தார்கள். எதிரி வந்தால் அவன் அதிகாரிகள் தங்குமிடம் அவையாகத்தான் இருக்கும்.

மண்ணுக்கடியில்

படையிறக்கம் நடந்தது என்ற செய்தி வந்தவுடன் குழுவினர் வீட்டைவிட்டு மறையவேண்டும். எதிரியின் முன்னணி தங்களைக் கடந்து போகும்வரை நிலத்தடியில் காத்திருந்து, பிறகு இரவுதோறும் வெளியே வந்து தாக்கவேண்டும். அதற்காக ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பதுங்கிடம் இருந்தது.

முதலில் தோண்டப்பட்டவை குழுவினரே கைப்பட வெட்டியவை. பிறகு ராணுவப் பொறியாளர்கள் வந்து, நெளிதகடுகளை வளைத்து நிலத்தடி அறைகள் கட்டினார்கள். ஊரார் கேட்டால் அவசரக் காலத்துக்கு உணவு சேமிக்கும் கிடங்கு என்று பதில் சொல்லப்பட்டது. உள்ளே அடுக்குப் படுக்கைகள், தண்ணீர்த் தொட்டி, எண்ணெய் விளக்கு, இரண்டு வாரத்துக்கு உணவு, ஒரு பெரிய சாடியில் முத்திரையிட்ட ரம். ஒரு பக்கம் நுழைவாயில், மறுபக்கம் தப்பிச் செல்லச் சுரங்கம்.

தோண்டுவதைவிடக் கடினமானது தோண்டியதை மறைப்பது. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் வெட்டினால் வெண்மண் குவியும். பச்சை மேய்ச்சலில் அது மேலே பறக்கும் விமானத்துக்குக்கூடப் பளிச்சென்று தெரியும். வாளி வாளியாக அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓடைகளில் கரைத்தார்கள், வேறு வயல்களில் பரப்பினார்கள். தாழ்வான இடங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறியது. காற்று போதாமல் தலைவலி வந்தது. ஒவ்வொரு குறையையும் கண்டு, குழாய் பதித்து, குழாயின் வாயை மரப்பொந்தில் மறைத்துச் சரிசெய்தார்கள்.

நுழைவாயில்களில்தான் அவர்களுடைய கைத்திறன் முழுவதும் தெரிகிறது. மண்ணும் இலைச்சருகும் நிரப்பிய ஒரு தட்டு வாயிலுக்கு மூடியாக இருக்கும். எதிர் எடையும் கப்பியும் அதைத் தூக்கும். மூடியபின் அதன் மேல் நடந்தாலும் காட்டுத் தரைதான். ஒரு பதுங்கிடத்துக்கு எலி வளை போன்ற ஒரு துளை இருந்தது. அதில் ஒரு கோலிக்குண்டைப் போட்டால் குழாய் வழியே உருண்டுபோய், கீழே உள்ள தகர டப்பாவில் விழும். அந்த ஓசை கேட்டு உள்ளே இருப்பவர் கதவைத் திறப்பார்.

இந்த மறைப்பு எவ்வளவு நேர்த்தியானது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கென்ட்டில் ஃப்ளெமிங்குக்குப் பிறகு பொறுப்பேற்ற கேப்டன் நார்மன் ஃபீல்ட், ஒரு நாள் ஜெனரல் மாண்ட்கோமரியைச் சார்ரிங் ஊர்க் குன்றுக்கு அழைத்துப்போனார். இருவரும் ஒரு பழைய ஆட்டுத் தீவனத் தொட்டியில் அமர்ந்து கீழே விரிந்த பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். மாண்ட்கோமரி திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவரைக் காணோம். அவர்கள் அமர்ந்திருந்த தொட்டியே பதுங்கிடத்தின் வாயில். பின்னாளில் எல் அலமெய்னில் ரோம்மலை முறியடித்த தளபதியின் கண்ணுக்கே அது தப்பியது.

கென்ட்டின் குழுக்களுக்குத் தலைமையிடம் பில்டிங் என்ற ஊரில் இருந்த ‘தி கார்த்’ என்னும் பண்ணை வீடு. ஃப்ளெமிங்குக்கு அங்கே துணையாக இருந்தவர் வெடிமருந்து வல்லுநர் மைக் கால்வெர்ட். சத்தமின்றித் தாக்க வில் அம்பு பழகுவதுவரை அங்கே முயன்று பார்த்தார்கள். இந்த இருவரும் பின்பு நம் பக்கம் வந்தவர்கள். ஃப்ளெமிங் டில்லியில் இருந்தபடி ஜப்பானியரைத் திசைதிருப்பும் ஏமாற்றுத் திட்டங்களை நடத்தினார். கால்வெர்ட் பர்மாக் காடுகளில் சிண்டிட் படையோடு போரிட்டார். கென்ட்டின் உழவர்களோடு பழகிய போர்முறை அங்கேயும் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டுக்குள் ஒரு மௌனம்

வெடிமருந்தும் பதுங்கிடமும் இந்தக் கதையின் ஒரு பாதிதான். மறுபாதி வீட்டில் நடந்தது.

மனைவியிடம் சொல்லக்கூடாது. தாயிடம் சொல்லக்கூடாது. பக்கத்து ஊர்க் குழு எங்கே இருக்கிறது என்று இவர்களுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. இரவெல்லாம் வெளியே போய்ச் சேறு படிந்து திரும்பும் கணவனை மனைவி சந்தேகப்பட்டாள். உடல்வலு உள்ள இளைஞன் முன்னணிக்குப் போகாமல் ஊரில் இருக்கிறானே என்று தெருவில் பேசினார்கள். கோழை என்று குத்திக்காட்டும் வெள்ளை இறகு சிலருக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கிக்கொண்டார்கள். பதில் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹோம் கார்ட் சீருடை அணிந்தாலும் ஜெர்மானியர் அவர்களைப் போர்க்கைதிகளாக நடத்தப் போவதில்லை. உள்ளூர்க் காவல் படை தொடங்கிய உடனேயே, அதில் சேருகிறவர்கள் சுட்டுக்கொல்லப்படுவார்கள் என்று ஜெர்மன் வானொலி மிரட்டியிருந்தது. வேலை தொடங்கியபின் ஒரு குழு தாக்குப்பிடிக்கக்கூடியது சுமார் இரண்டு வாரம் என்று கணக்கிட்டிருந்தார்கள். உணவும் அந்தக் கணக்குக்குத்தான் வைக்கப்பட்டது. நடக்க முடியாதபடி காயம்பட்ட தோழனை எதிரி கையில் விடக்கூடாது, தாங்களே முடித்துவிடவேண்டும் என்று தமக்குள் பேசிவைத்திருந்ததைச் சிலர் முதுமையில் வெளியிட்டார்கள். பதுங்கிடம் இருக்கும் இடத்தை அறிந்த உள்ளூர்க்காரர் எவராவது காட்டிக்கொடுப்பார் என்று தோன்றினால் அவரையும் கொல்லத் தயாராக இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அப்படி ஒரு முடிவை நெஞ்சில் சுமந்துகொண்டு ஞாயிறுதோறும் அவரோடு தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட பாரம்!

அதைவிடப் பெரிய பாரம் ஒன்று இருந்தது. இவர்கள் மண்ணுக்கடியில் போய்விடுவார்கள். மனைவியும் பிள்ளைகளும் மேலே, எதிரியின் ஆட்சியில் இருப்பார்கள். ஓர் எண்ணெய்க் கிடங்கு எரிந்தால் அதற்குப் பழிவாங்கப்படுவது ஊர்தான். 1942-இல் செக் நாட்டின் லிடீட்சே கிராமமும், 1944-இல் பிரான்சின் ஓரடூர் கிராமமும் ஜெர்மானியரால் அழிக்கப்பட்டதை இன்று நாம் அறிவோம். 1940-இல் அந்தப் பெயர்கள் உலகுக்குத் தெரியாது. ஆனால் 1940 செப்டம்பர் 9 அன்று ஜெர்மன் தரைப்படைத் தலைவர் பிராஷிட்ச் கையெழுத்திட்ட ஆணை ஒன்று உண்டு. கைப்பற்றப்படும் பகுதிகளில் 17 முதல் 45 வயது வரையுள்ள உடல்வலுவுள்ள ஆண்களைப் பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பவேண்டும் என்றது அது. அந்த ஆணை நிறைவேறியிருந்தால் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஏர் பிடிக்கக் கை இருந்திருக்காது.

வராத எதிரி

1940 செப்டம்பர் 7 மாலை, லண்டன் மீது பெருங்குண்டு வீச்சு தொடங்கிய அதே நாளில், ‘குரோம்வெல்’ என்ற சங்கேதச் சொல் கிழக்கு, தெற்குப் படைமண்டலங்களுக்குப் பறந்தது. படையிறக்கம் எந்த நேரமும் நடக்கலாம் என்பது அதன் பொருள். பாராசூட் வீரர்கள் இறங்கினால் மட்டுமே ஒலிக்கவேண்டிய தேவாலய மணிகள் சில ஊர்களில் ஒலித்துவிட்டன.

எதிரி வரவில்லை. வானத்தை வெல்ல முடியாத ஹிட்லர் செப்டம்பர் 17 அன்று ‘கடல் சிங்க’த்தைக் காலவரையின்றித் தள்ளிவைத்தார். நவம்பரில் கபின்ஸ் வேறு பணிக்குப் போனார். ஐரோப்பா முழுவதும் எதிர்ப்பு இயக்கங்களுக்கு ஆயுதமும் ஆட்களும் அனுப்பிய எஸ்.ஓ.இ. அமைப்பில் சேர்ந்து, 1943-இல் அதன் தலைவரானார். உழவர்களிடம் முயன்று பார்த்த பல முறைகள் அங்கே விரிந்தன.

உழவர்களோ கலையவில்லை. சுமார் 3,500 பேர் ஆண்டுக்கணக்கில் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். வடக்கே இருந்தவர்கள் ஹோம் கார்டின் 201-ஆம் பட்டாலியன், நடுவே இருந்தவர்கள் 202, தெற்கே இருந்தவர்கள் 203 என்று பெயரளவில் கணக்கு வைக்கப்பட்டது. 1944-இல் இவர்களில் பலர் எஸ்.ஏ.எஸ். அதிரடிப் படையில் சேர்ந்து பிரான்சில் பாராசூட்டில் குதித்தார்கள். ஒரு காலத்தில் தங்கள் ஊருக்காகக் கற்றதை, எதிரி உண்மையிலேயே பிடித்துவைத்திருந்த வேறொரு நாட்டின் ஊர்களுக்காகச் செய்தார்கள். துணைப் பிரிவுகளில் உளவு அதிகாரிகளாக இருந்த இயன் ஃபென்விக், ராய் பிராட்ஃபோர்ட் இருவரும் அங்கே உயிர் நீத்தார்கள்.

1944 நவம்பரில் அமைப்பு கலைக்கப்பட்டது. கடைசித் தளபதி கர்னல் ஃபிராங்க் டக்ளஸிடமிருந்து ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் வந்தது. இரகசியம் கருதி வெளிப்படையான பாராட்டு எதுவும் தர இயலாது என்பதையும் அது தெரிவித்தது. மேலங்கியில் குத்திக்கொள்ள ஒரு சிறு கேடயச் சின்னம் தந்தார்கள். அதில் மூன்று பட்டாலியன் எண்களும் இருந்தன. அறிந்தவர்களுக்கு மட்டுமே அது பொருள் தரும்.

அவர்கள் வயலுக்குத் திரும்பினார்கள். 1968-இல் டேவிட் லாம்ப் என்ற பத்திரிகையாளர் எழுதிய நூல் வந்தபோதுதான் வெளியுலகம் முழுக் கதையை அறிந்தது. அதன் பிறகும் பலர் வாய் திறக்கவில்லை. கணவரின் இறப்புக்குப் பின் அலமாரியில் அந்தச் சின்னத்தைக் கண்டு வியந்த மனைவியர் உண்டு. கோல்ஸ்ஹில் மாளிகை 1952-இல் தீக்கிரையானது. 1997-இல் சஃபோக்கின் பார்ஹாம் என்ற ஊரில் இவர்களுக்கென ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். 2013 நவம்பரில்தான், லண்டன் போர் நினைவுச்சின்னத்தின் முன் நடக்கும் ஆண்டு அணிவகுப்பில் இவர்களில் எஞ்சியவர்கள் தங்கள் படையின் பெயரால் நடந்தார்கள். அப்போது அவர்கள் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள்.

அவர்கள் வென்றிருப்பார்களா?

இந்தக் கேள்வியை வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். இரண்டு வாரத்தில் அழிந்திருப்பார்கள் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கணிப்பை மறுக்கவில்லை. ஆனால் அதைத் தோல்வியாகக் கருத மாட்டேன். அவர்களிடம் கேட்கப்பட்டதே அந்த இரண்டு வாரம்தான். பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தைப் போல ஆண்டுக்கணக்கில் நீளும் போராட்டத்துக்கு அவர்கள் தயார் செய்யப்படவில்லை. முதல் நாட்களில் எதிரியின் பெட்ரோலையும் குண்டுகளையும் எரித்து, உள்நாட்டில் நின்ற படை திருப்பித் தாக்க நேரம் வாங்கித் தருவதுதான் அவர்கள் வேலை. அந்த நேரத்தின் விலை தங்கள் உயிர் என்று தெரிந்தே கையெழுத்திட்டார்கள்.

பிரான்சிலும் போலந்திலும் எதிர்ப்புப் படைகள் நாடு வீழ்ந்த பிறகு, அடிபட்ட கோபத்தில் எழுந்தன. இங்கே நாடு வீழ்வதற்கு முன்பே, அந்தக் கோடைக்காலத்தில், உழவர்கள் உட்கார்ந்து யோசித்து, தங்கள் சாவைத் திட்டமிட்டு, அதற்கான குழியையும் தாங்களே வெட்டிவைத்துவிட்டு மறுநாள் அறுவடைக்குப் போனார்கள். கோபத்தில் உயிரைக் கொடுப்பவரை எல்லா நாட்டிலும் காணலாம். நான்கு ஆண்டுகள் நிதானமாக, ஒரு வாழ்த்தும் இல்லாமல், சந்தேகத்தையும் ஏளனத்தையும் தாங்கிக்கொண்டு அந்த முடிவில் நிலைத்து நிற்பவர்கள் அரிது. போர்களில் வென்றவர்களின் பட்டியலில் இவர்களுக்கு இடம் இல்லாமல் போகலாம். ஒரு நாடு தன் மக்களை எதற்காக நம்பலாம் என்று கேட்டால், நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

இந்த உழவர்களுக்கு எதிரியின் நடமாட்டம் தெரியாது. அதைக் கவனித்து மேலிடத்துக்குச் சொல்ல வேறொரு அமைப்பு இருந்தது. அதில் பாதிரியார்கள், மருத்துவர்கள், கடைக்காரர்கள், இல்லத்தரசிகள் இருந்தார்கள். பிளந்த டென்னிஸ் பந்துக்குள் செய்தியை ஒளித்துவைத்தார்கள். நிலத்தடி அறைகளில் இளம்பெண் அதிகாரிகள் வானொலிக் கருவிகளின் முன் அமர்ந்திருந்தார்கள். அந்த இரகசிய ஒற்றர்களைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)